அக்கா மகனும் 224 பையன்களும்

முதல் நாள், வியாழன், ஜூன் 26, 2025

பட்டர்வொர்த்தில் ஈ.டி.எஸ். ஏறியாயிற்று. நாளைக்கு அவால் முஹாரம் விடுமுறை, பின்னாலேயே சனி ஞாயிறு, அதனால் பினாங்கில் பாதிப்பேர் இந்த ஒரே ரயிலில்தான் இருக்கிறார்கள் போல. மூன்று வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்தும் கதவோரத்து சீட்டுதான் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் நூறு பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் எதற்காகக் கோலாலம்பூர் போகிறேன் என்பது புரியும்.

2016இல் எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். காலை ஏழுக்கு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வந்தால், உடம்பு அசந்திருக்கும், தூக்கம் மட்டும் வராது. நம்மூரில் பசியாறுகிற நேரம் வட அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி. அந்த அக்டோபரில் ஒருநாள் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ தட்டப்போக, ஆஸ்டன் மேத்யூஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் தன் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் அடித்தான். நாலு அடித்தும் அவன் அணி தோற்றது, அது வேறு கதை. யார்ரா இவன் என்று தேடினால், வளர்ந்த ஊர் அரிசோனாவாம். பாலைவனம். மூன்றுக்கு மூன்று ஆடுகிற அளவே இருந்த சின்ன ரிங்க் ஒன்றில், உக்ரைனில் இருந்து மெக்சிகோ வழியாக அங்கே வந்து சேர்ந்த ஒரு பயிற்சியாளரிடம் சறுக்கக் கற்றுக்கொண்டவன். வெயில் ஊர்க்காரன் ஒருத்தன் ஐஸ் மேல் இப்படி ஆடுகிறானே என்று பார்க்க ஆரம்பித்தது, கிறுக்காகவே முற்றிவிட்டது.

ஆனால் எனக்குப் பிடித்தது பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை, வரப்போகிறவர்கள். வருஷாவருஷம் ஜூன் கடைசியில் என்.எச்.எல்.லின் 32 அணிகளும் பதினெட்டு வயதை ஒட்டிய பையன்களை வரிசையாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும். டிராஃப்ட் என்பார்கள். ஏழு சுற்று, 224 பெயர். அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே ஒண்டாரியோ, சுவீடன், பின்லாந்து என்று எங்கெங்கோ ஆடுகிற பையன்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, என் பங்குக்கு நானும் ஒரு வரிசை போடுவேன். அதுதான் இந்த நோட்டு. 2017இல் நோலன் பேட்ரிக்கை முதலாவதாகப் போட்டேன். கேல் மக்கார் ஆல்பர்ட்டாவில் ஏதோ கீழ்மட்ட லீக்கில் ஆடுகிறான், அங்கே யார் வேண்டுமானாலும் கோல் அடிக்கலாம் என்று அவனை எட்டாவதுக்குத் தள்ளினேன். பேட்ரிக்கின் ஆட்டத்தைக் காயமும் ஒற்றைத் தலைவலியும் சீக்கிரமே முடித்துவிட்டன. நாலாவதாகப் போன மக்கார், சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 2022இலும் இந்த வருஷமும் வாங்கிவிட்டான். அதே 2017 டிராஃப்டில் ஜேசன் ராபர்ட்சன் என்று ஒருத்தன், அம்மா மணிலாவில் பிறந்தவர், நம் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. சறுக்குவது மெதுவு என்று எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். 39ஆவதாகப் போனவன் 2022-23இல் 109 புள்ளி எடுத்தான், அதாவது அடித்த கோலும் அடிக்க உதவிய கோலும் சேர்த்து.

இதில் வெட்கக்கேடு, இந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒருநாள்கூட ஐஸில் கால் வைத்ததில்லை. இப்போது அக்கா மகன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அக்கா ஃபோனில், "ஒனக்குத்தான் இந்தப் பைத்தியமெல்லாம் தெரியுமே, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போடா, இவனுக்கு வருதா வரலையான்னு சொல்லு," என்றாள். டிராஃப்டும் இந்த வாரக் கடைசிதான். ரயில் ஏறிவிட்டேன்.

புக்கிட் மேரா ஏரியை ரயில் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். இதை எழுதி முடிப்பதற்குள் ஈப்போ வந்துவிட்டது. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள், வெள்ளி, ஜூன் 27

நேற்று கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கொம்யூட்டர் ரயில் பிடித்து செத்தியா ஜெயா, அங்கிருந்து பி.ஆர்.டி. பஸ்ஸில் சன்வே. அக்கா வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் வந்து மோதியது வாசனை. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஈரக் கையுறையும் பழைய மோரும் கலந்த மாதிரி ஒரு வீச்சம். பால்கனியில் துணிக்கொடி முழுக்க நெஞ்சுக் கவசம், முழங்கால் கட்டை, முழங்கைக் கட்டை, கீழே தரையில் ஹெல்மெட், அவ்வளவுக்கும் நேரெதிரே மேசை விசிறி ஒன்று முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கனடாவில் ஹாக்கிப் பை நாறும் என்று படித்திருக்கிறேன். கோலாலம்பூர் ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் பூசணம் பிடித்துவிடும் என்பதை யாரும் எழுதியதில்லை. எனக்கு ஒதுக்கின படுக்கை அந்தப் பால்கனிக் கதவை ஒட்டி.

சின்னவன் படிவம் 1. போன வருஷம்வரை தமிழ்ப்பள்ளி. பத்து வயதில் யாரோ ஒரு நண்பனின் பிறந்தநாளுக்கு ரிங்க்குக்குப் போனவன், அப்புறம் வேறு எதையும் கேட்கவே இல்லையாம். அவன் ஸ்கேட்டை என் கையில் கொடுத்தான். எத்தனை முறை படித்திருக்கிறேன், தொட்டது இன்றைக்குத்தான். கத்தியின் அடி தட்டையாக இல்லை, நடுவில் பள்ளமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதனால் ஒரே கத்திக்கு உள்ளே ஒரு முனை, வெளியே ஒரு முனை, எட்ஜ் என்பார்கள். "நகத்த வச்சுப் பாருங்க மாமா," என்றான். கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே லேசாக இழுத்தேன். தேங்காய்ப்பூ மாதிரி நகத்தூள் வெள்ளையாக உதிர்ந்தது. "அப்ப நல்லா தீட்டியிருக்குன்னு அர்த்தம்," என்று ஒரு துண்டால் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான். குளிர்ந்த இரும்பில் இந்த ஊர்க் காற்றுப் பட்டதும் வேர்த்துவிடுமாம், துடைக்காமல் வைத்தால் இரண்டே நாளில் துரு.

ஸ்கேட் இரண்டாங்கை. அணியில் பெரிய பையன் ஒருவன் போட்டது. புதிதாக வாங்கினால் என்ன விலை என்று அத்தான் ஒரு தொகை சொன்னார், நான் தே தாரேவைக் கீழே வைத்தேன்.

மத்தியானம் சன்வே பிரமிட். 1997இல் பேரங்காடி திறந்தபோதே ரிங்க்கும் வந்துவிட்டது. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சறுக்கிய ஜூலியன் யீ பழகிய இடம். விடுமுறைக் கூட்டம் அள்ளியது. மேல்தளக் கம்பியில் சாய்ந்து பபிள் டீ உறிஞ்சிக்கொண்டு கீழே விழுகிறவர்களை எண்ணுகிற ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். இன்றைக்கு அவர்களுக்கு நான் விருந்து. ஏழு முறை விழுந்தேன் என்று சின்னவன் சொல்கிறான், என் கணக்கில் ஐந்து. ஒன்பது வருஷம் "சறுக்குவது மெதுவு" என்று பையன்களைப் பற்றி எழுதிய கை, ஓரத்துக் கம்பியை விடமாட்டேன் என்றது. நாளைக்கு விடியற்காலை அவன் பயிற்சி. படுக்கிறேன். விசிறி சுற்றுகிறது.

மூன்றாம் நாள், சனி, ஜூன் 28

ஆறேகாலுக்கெல்லாம் அக்கா காடியை எடுத்துவிட்டாள். பகலில் ரிங்க் பொதுமக்களுக்கு, அதனால் ஹாக்கிப் பிள்ளைகளுக்குப் பேரங்காடி திறப்பதற்கு முன்னாலோ மூடினதற்கு அப்புறமோதான் ஐஸ் கிடைக்கும். இது சன்வே இல்லை, வேறொரு பேரங்காடி, பெயர் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற இடம். கார் நிறுத்துமிடத்தில் இருந்து சரக்கு லிஃப்டில் இறங்கி, ஷட்டர் போட்ட கடைகளுக்கு நடுவே தன் உயரத்துக்குப் பையை இழுத்துக்கொண்டு போகிற பன்னிரண்டு வயதுப் பையன்கள். அம்மாக்கள் எல்லாரும் குளிருக்குச் சுவெட்டர் போட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா நாசி லெமாக் பொட்டலம் விநியோகித்தார். தமிழ், மலாய், மண்டரின், ஆங்கிலம் நாலும் கலந்து கோச் கத்துகிறார், பிள்ளைகளுக்கு எல்லாமே புரிகிறது.

இங்கேதான் எனக்குச் சோதனை. ஏழு மணிக்குப் பயிற்சி. லாஸ் ஏஞ்சலஸில் டிராஃப்ட் தொடங்குவதும் நம்மூர் நேரத்துக்குச் சரியாக ஏழு மணி. இடது கையில் கைப்பேசி, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன், மடியில் நோட்டு, கண் ஐஸில்.

முதலாவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் மேத்யூ ஷேஃபரை எடுத்தது. என் நோட்டிலும் அவன்தான் முதல், ஆனால் அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஊரே சொன்னது. டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் கோல் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்து, இந்தப் பருவத்தில் தன் கிளப்புக்கு 17 ஆட்டம் மட்டுமே ஆடின பையன். போன வருஷம் பிப்ரவரியில் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். பெயரைக் கூப்பிட்டதும் அவன் அழுதான். பக்கத்தில் நாசி லெமாக் கொடுத்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். டிராஃப்ட் என்று சொல்லிப் புரியவைக்க நேரமில்லை, ஒன்னும் இல்லைங்க என்றேன்.

ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. டிராஃப்டுக்கு எல்லைக்கோடு செப்டம்பர் 15. இன்னும் பதினோரு நாள் கழித்துப் பிறந்திருந்தால் அவன் அடுத்த வருஷத்துப் பையன். மேத்யூஸ் அப்படித்தான் செப்டம்பர் 17இல் பிறந்து, இரண்டே நாளில் ஒரு வருஷம் தள்ளிப்போய், அந்த வருஷத்தைச் சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிக் கழித்தான். பதினெட்டு வயதிலேயே பிறந்த தேதி இந்தப் பாடு படுத்துகிறது என்றால் பன்னிரண்டில்? சிறுவர் ஹாக்கியில் ஜனவரி முதல் டிசம்பர்வரை பிறந்தவர்கள் ஒரே கட்டு. 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்கிற கனடா உளவியலாளர், பெரிய அணிகளுக்குப் போகிற பையன்களில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்துச் சொன்னார். முன்னால் பிறந்தவன் கொஞ்சம் பெரியவன், பெரியவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தவனுக்கு நல்ல கோச், கூடுதல் ஐஸ், கடைசியில் அவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான். நம் சின்னவன் 2012 டிசம்பர். ஐஸில் அவனுக்கு எதிரே நிற்கிற பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். பாதி ரிங்கில் மூன்றுக்கு மூன்று. கோல் அடிக்கிறவனை யாரும் பார்க்கலாம், பந்து... பந்து என்றே கை எழுதுகிறது பாருங்கள், பக், ரப்பர் வட்டு. பக் பறிபோன அடுத்த மூன்று வினாடி ஒரு பையன் என்ன செய்கிறான் என்றுதான் நான் பார்ப்பேன். கையை விரிப்பான், கோச்சைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், அல்லது திரும்பி ஓடுவான். சின்னவன் மீசைக்காரனிடம் பக்கைப் பறிகொடுத்தான். குச்சியை ஐஸில் ஒரு தட்டுத் தட்டவில்லை. அப்படியே இடுப்பைத் திருப்பி, குறுக்கே வெட்டி, நாலு எட்டில் பின்னால் வந்து, மீசைக்காரனின் குச்சிக்குக் கீழே தன் குச்சியைக் கொடுத்து லேசாகத் தூக்கினான். திருடன் பர்ஸ் எடுக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. பக் அங்கேயே நின்றுவிட்டது, மீசைக்காரன் வெறும் கையோடு கோல்வரை போனான். யாரும் கைதட்டவில்லை. அக்கா கைப்பேசியில் இருந்தாள். நான் அதை நோட்டில் எழுதினேன், மூன்று வரி, கொஞ்சம் கோணலாக.

ஆனால் இன்னொன்றும் எழுதினேன், பொய் எழுத முடியாதே. வலது காலை ஊன்றி நிற்கத் தயங்குகிறான். எல்லாத் திருப்பமும் இடது பக்கமாகவே போகிறது. வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றி வருகிறான். "வலது எட்ஜ் பலவீனம், மெதுவு" என்று குறித்து அடிக்கோடும் போட்டேன்.

பயிற்சி முடிந்ததும் ஜம்போனி வண்டி வந்தது. ஐஸின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டுப் பின்னாலேயே சுடுதண்ணீர் விட்டுக்கொண்டு போகும். சுடுதண்ணீர்தான் பழைய ஐஸோடு நன்றாக ஒட்டும், காற்றுக்குமிழி குறைவு, கண்ணாடி மாதிரி உறையும். அந்த ஓட்டுநர் தாத்தா ஒரு வளைவில்கூடக் கோடு விடவில்லை. பிள்ளைகள் கதவருகே வரிசையாக நின்று பார்த்தார்கள், நானும் நின்றேன்.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. மாமாக் கடையில் பசியாறும்போது டிராஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் அணிக்காரர்கள் அவரவர் ஊரில், பையன்கள் லாஸ் ஏஞ்சலஸில், நடுவில் காணொளியில் வாழ்த்து. நம் வீட்டுக் குடும்ப வீடியோ கால் மாதிரி யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள், மணிக்கணக்கில் இழுத்தது. ஐந்தாவதாக நாஷ்வில் எடுத்த பிரேடி மார்ட்டின் விழாவுக்கே வரவில்லை, ஒண்டாரியோவில் வீட்டுப் பண்ணையிலேயே இருந்துவிட்டான். மாடு இருக்கிறது, வேலை இருக்கிறது. சின்னவனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "தாத்தாகூட மாடு வச்சிருந்தாருல்ல?" என்றான். வைத்திருந்தார், தோட்டத்தில், ஏழு மாடு. புல் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் ஹாக்கிக் குச்சியைத் தொடலாம் என்பது வீட்டுச் சட்டம். 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதியில் மலேசியா இந்தியாவிடம் 3-2 என்று தோற்றதை அப்பா சாகும்வரை நேற்று நடந்த மாதிரி சொல்லுவார். பேரன் ஹாக்கி ஆடுகிறான், அதுவும் ஐஸ் மேல் என்றால் என்ன சொல்லியிருப்பாரோ. காலில் கத்தியைக் கட்டிக்கிட்டு ஹாக்கியாடா என்று கேட்டிருப்பார், வந்து பார்த்துமிருப்பார்.

பசியாறி முடிந்ததும் அக்கா கேட்டே விட்டாள். "சொல்லுடா, வருமா வராதா?" நான் ரொட்டியைக் குழம்பில் இன்னொரு முறை தோய்த்தேன். இங்கிருந்து எங்கே போவான் என்பதுதான் நிஜமான கேள்வி. வாரத்துக்கு இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் ஐஸ். கனடாவில் இவன் வயதுப் பையன் அதைத் திங்கட்கிழமையே தாண்டியிருப்பான். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில்தான் முதன்முதலாக ஐஸ் ஹாக்கியைச் சேர்த்தார்கள், தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. தேசிய அணி என்று ஒன்று இருக்கிறது, அங்கே போகலாம், அது சின்ன விஷயமில்லை. நான் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் கதையைச் சொன்னேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பஞ்சாபிக் குடும்பத்துப் பையன், டிராஃப்டில் யாரும் தொடவில்லை, ஆனாலும் 2021-22இல் 112 புள்ளியோடு மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் முதலிடம், அப்புறம் என்.எச்.எல். அணி வான்கூவர் கூப்பிட்டது. அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "நான் கேட்டது ஒன் மருமகனப் பத்தி," என்றாள்.

நாலாம் நாள், ஞாயிறு, ஜூன் 29

இரண்டாவது சுற்றில் இருந்து ஏழாவதுவரை நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஆரம்பம். அக்கா தூங்கினதும் சின்னவன் தலையணையோடு என் பாயில் வந்து சேர்ந்தான். முதல் சுற்றுக்குத்தான் மேடை, கோட்டு சூட்டு. எனக்கு இந்தப் பின்சுற்றுகள்தான் உயிர். சந்தை கலைகிற நேரத்துக் கடைசிக் கூடை மாதிரி பெயர்கள் வரும், ஆனால் டெட்ராய்ட் 1998இல் 171ஆவதாக எடுத்தது பாவெல் தட்சுக்கை, அடுத்த வருஷம் 210ஆவதாக எடுத்தது ஹென்ரிக் செட்டர்பெர்க்கை. இரண்டு பேரும் சேர்ந்து 2008இல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை வாங்கினார்கள். "210னா, அதுக்கு முன்னாடி எல்லாரும் தப்பா பாத்தாங்களா?" என்றான். டெட்ராய்டே அதற்கு முன்னால் கிடைத்த வாய்ப்பில் வேறு யாரையோ எடுத்ததே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, நோட்டுல என்னை எத்தனாவது போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. உனக்கு நம்பர் எல்லாம் இல்லடா, பார்த்ததை மட்டும்தான் எழுதினேன் என்றேன். படிக்கலாமா என்றான். படி என்று கொடுத்துவிட்டு, நாலாவது சுற்றில் தூங்கிப்போனேன். விழித்தபோது விசிறி நின்றிருந்தது, நோட்டு என் பைக்குள் இருந்தது, பை மூடியிருந்தது.

மத்தியான ரயில். கே.எல். சென்ட்ரல்வரை அத்தான் கொண்டுவந்து விட்டார். சின்னவன் வரவில்லை, வீட்டுப்பாடமாம். ஜன்னலோரம் கிடைத்தது, தஞ்சோங் மாலிமில் மழை பிடித்தது. தாப்பா ரோடு தாண்டி, இந்த வருஷத்து 224 பெயரில் என் நோட்டில் இருந்தது எத்தனை என்று எண்ணலாமே என்று பிரித்தேன். நேற்றைய பக்கம் முதலில் திறந்தது. குச்சியைத் தூக்கின மூன்று வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன சிரிப்பு முகம். அதற்குக் கீழே, நான் அடிக்கோடு போட்ட "வலது எட்ஜ் பலவீனம், மெதுவு" என்பதற்கு ஒட்டினாற்போல, தமிழ்ப்பள்ளிக் குண்டு எழுத்தில்:

"மாமா, வலது கால் ஸ்கேட் சின்னதாப் போச்சு. பெருவிரல் மடங்கி வலிக்குது. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அத்தானுக்கு ஃபோன் போட்டேன். அம்மாகிட்ட என்றுதானே எழுதியிருக்கிறான்.